கொல்லைப்புறத்தில் ஒரு பூட்டுக் கொட்டகை



போன இதழில் கீரைப் பாத்தி போடுவது பற்றி எழுதியிருந்தேன். மண்வெட்டி, களைக்கொத்து, பன்னரிவாள், பூவாளி என்று ஒரு பட்டியலும் கொடுத்திருந்தேன். "எல்லாம் சரிம்மா, வேலை முடிந்ததும் இவற்றையெல்லாம் எங்கே வைப்பது?" என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாராவது என்னைக் கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். எங்கள் வீட்டிலேயே அதற்குப் பதில் இல்லாமல்தான் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியிருந்தோம்!

நாங்கள் இருப்பது கொல்லிமலையில், குண்டூர் நாட்டில். இங்கே ஊர்களை 'நாடு' என்றுதான் பிரித்திருக்கிறார்கள்; மொத்தம் 14 நாடுகள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். ஏறி வந்துவிட்டால் மிளகு, காப்பி, வாழை, பலா, மரவள்ளி என்று எங்கு பார்த்தாலும் பச்சை. அந்தப் பச்சைக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூட்டை இரும்பு இருக்கிறது என்பது சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படாது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அரிவாள் எறவாணத்தில் செருகியிருக்கும். கடப்பாரை கட்டிலுக்கு அடியில். மண்வெட்டி கதவு மூலையில். மிளகு பறிக்கும் மூங்கில் ஏணி பின் தாழ்வாரத்தின் குறுக்கே. அதற்குப் பக்கத்திலேயே உர மூட்டை, சுண்ணாம்பு மூட்டை, மருந்து டப்பா, காலிச் சாக்கு. நடுவில் கொஞ்சம் இடம் இருந்தால் அங்கே நான் உட்கார்ந்து காய் நறுக்குவேன். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அப்போது எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

அந்த வைகாசியில் என் மூத்த மகள் குழந்தையோடு வந்திருந்தாள். பேத்திக்கு அப்போது இரண்டு வயது முடிந்து மூன்று மாதம். ஒரு நாள் மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மகள் அசந்து தூங்கிவிட்டாள். நான் அடுப்படியில் இருந்தேன். திடீரென்று வீடு ரொம்ப அமைதியாக இருப்பது போலப் பட்டது. குழந்தை இருக்கிற வீட்டில் சத்தம் இல்லையென்றால் ஏதோ விபரீதம் நடக்கிறது என்று அர்த்தம். இது தாயாக இருந்த ஒவ்வொருத்திக்கும் தெரியும்.

ஓடிப்போய்ப் பார்த்தால், பின் தாழ்வாரத்தில் சாக்கு மறைவில் பேத்தி சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறாள். முழங்காலுக்குப் பக்கத்தில், கீழே விழுந்து கிடந்த அரிவாள். மடியில் கிழிந்த காகிதப் பொட்டலம். கையில் பளபளவென்று ஒரு நீலக் கல். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே நீட்டினாள். "அம்மாயி… கக்கண்டு!"

எனக்குக் குலை நடுங்கிவிட்டது. அது கற்கண்டு இல்லை. மயில்துத்தம்!

மிளகுக் கொடி வைத்திருக்கிறவர்களுக்கு மயில்துத்தம் தெரியும். மழைக் காலத்தில் கொடி வாடி அழுகாமல் இருக்க 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் தனித்தனியே கரைத்து, பிறகு ஒன்று சேர்த்து அடிப்பார்கள். போர்டோ கலவை என்று பெயர். கொடிக்கு அது மருந்து. குழந்தை வயிற்றுக்குள் போனால் குடலைப் புண்ணாக்கி, ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பார்வைக்கோ, கடையில் நீலச் சாயம் போட்டு விற்கும் கற்கண்டேதான்!

வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கிலும் உதட்டிலும் நீலம் இல்லை. ஆண்டவன் கிருபை! கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாயைத் துடைத்து, பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். "வாயில் போடவில்லை, பயப்படாதீர்கள்" என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அன்று இரவு சோறு இறங்கவில்லை. பொட்டலத்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தது வேறு யாரும் இல்லை, நான்தான்.

மறுநாள் காலையில் இவரிடம் சொன்னேன். "ஏங்க, இனிமே இந்த இரும்பும் மருந்தும் வீட்டுக்குள்ள வேண்டாம். தனியா ஒரு கொட்டகை போட்டுடலாம்."

"கத்தி கடப்பாரைக்கு ஒரு வீடா? ஊர்ல சிரிப்பாங்க" என்றார்.

"சிரிக்கட்டும்ங்க. அழறதுக்குச் சிரிக்கிறது மேல்" என்றேன். மகளிர் சுய உதவிக் குழுவில் என் பேரில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. அதைத் தருகிறேன் என்றதும் இவரும் இறங்கி வந்தார். பணம் நம்முடையது என்றால் நம் பேச்சுக்கும் கொஞ்சம் எடை கூடுகிறது, இல்லையா?

இடம் பார்த்த கதை

இவர் முதலில் காட்டிய இடம் பலா மரத்தடி. நிழலாக இருக்குமாம். கொல்லிமலைப் பலாப்பழம் ஒன்று தகரக் கூரை மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பதில் வரவில்லை. அடுத்தது கிணற்றோரம். மருந்து வைக்கும் இடம் கிணற்றுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் பக்கத்தில் கூடவே கூடாது. கடைசியில் வீட்டிலிருந்து பதினைந்து அடி தள்ளி, மழைத் தண்ணீர் ஓடி வராத மேட்டில் இடம் பார்த்தோம். கதவு சமையலறை ஜன்னலுக்கு நேராக இருக்க வேண்டும் என்றேன். யார் திறக்கிறார்கள், யார் உள்ளே போகிறார்கள் என்பது அடுப்படியில் நிற்கும் என் கண்ணில் பட வேண்டும் அல்லவா?

அளவு எட்டடிக்கு ஆறடி. முன்பக்கம் ஏழரை அடி உயரம், பின்பக்கம் ஆறரை. ஒரே சாய்ப்பு. இதைவிடப் பெரிதாகக் கட்டினால் வீட்டில் உள்ள உடைசல் எல்லாம் அங்கே குடியேறிவிடும்!

மாமியார் சொன்ன யோசனை

குழி தோண்டி மரத்தை நேரே மண்ணில் நட்டுவிடலாம் என்று ஆசாரி சொன்னார். என் மாமியார் திண்ணையில் உட்கார்ந்தபடியே, "நம்ம தொம்பை மண்ணுலயா கண்ணு நின்னுச்சு?" என்று கேட்டார்.

தொம்பை என்றால் தானியம் கொட்டி வைக்கும் பெரிய கூடு. மூங்கிலில் பின்னி, மண்ணும் சாணமும் பூசி, கல்லின் மேல் நிறுத்தி வைப்பார்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் அதில் வருஷக் கணக்கில் கெடாமல் இருந்ததற்கு, ஈரமும் கரையானும் ஏறாமல் தூக்கி வைத்ததுதான் முக்கியக் காரணம். சிறுதானிய விதைகள் அழிந்துபோகாமல் காக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து இந்த மலையில் வேலை செய்து, ஊர் மக்களைக் கொண்டே விதை வங்கிகள் அமைத்தார்கள். பழைய முறை பழசாகிவிட்டது என்று தள்ளிவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மாமியார் சொன்னபடியே செய்தோம். ஒன்றரை அடி ஆழத்துக்கு வாணம் தோண்டி, கருங்கல் போட்டு இடித்து, தரையை வெளி மண்ணைவிட ஒரு அடி உயர்த்தினோம். மரக்கால்கள் ஒவ்வொன்றும் தட்டைக் கல்லின் மேல் நிற்கின்றன. மரத்தின் அடி மண்ணைத் தொடாவிட்டால் கரையானுக்குப் பாதி வழி அடைபட்டுவிடும். அது கல்லின் மேல் மண் பூசி ஏறினாலும் நம் கண்ணில் பட்டுவிடும், விளக்குமாற்றால் தட்டிவிடலாம். மரம் புதிதாக வாங்கவில்லை. பழைய மாட்டுக் கொட்டகையைப் பிரித்தபோது எடுத்து வைத்த விட்டங்களே போதுமாக இருந்தன.

சுவர் கீழே இரண்டடிக்குக் கல்லும் மண்ணும். அதற்கு மேல் மூங்கில் தட்டி. காற்றோட்டம் இருந்தால்தான் இரும்பு துருப்பிடிக்காது, மருந்து நெடியும் தங்காது. தட்டியின் உள்பக்கம் சிறுகண் கம்பி வலை அடித்தோம். இல்லாவிட்டால் எலி வரும், எலிக்குப் பின்னாலேயே பாம்பு வரும்.

கூரைக்குச் சிலர் ஆஸ்பெஸ்டாஸ் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். அதை அறுக்கும்போதும் துளைக்கும்போதும் பறக்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. தகரம்தான் போட்டோம். தகரத்தில் ஆணிக்குத் துளை போடும்போது மேடான வரியில் போடச் சொல்லுங்கள். பள்ளமான வரியில் போட்டால் மழைத் தண்ணீர் அதன் வழியாகவே உள்ளே இறங்கும். ஆடிக் காற்றுக்குக் கூரை பறக்காமல் இருக்க, மரக்கால்களோடு சேர்த்துக் கம்பியால் முறுக்கிக் கட்டினோம். நாலு பக்கமும் ஒன்றரை அடி இறவாரம் விட்டதால் ஐப்பசி அடைமழையிலும் சாரல் உள்ளே வருவதில்லை.

உள்ளே எது எங்கே?

கொட்டகை போடுவது ஒரு வாரம். அதை ஒழுங்காக வைத்திருப்பதுதான் ஆயுசுக்கும் வேலை!

கடப்பாரை, மண்வெட்டி போன்ற கனமான சாமான்களை உயரத்தில் மாட்டாதீர்கள். தலையில் விழும். மூலையில் ஒரு சட்டம் அடித்து, அதற்குள் நிற்க வையுங்கள். அரிவாள், கொடுவாள், பன்னரிவாள் எல்லாம் என் தோள் உயரத்தில், வாய்ப்பக்கம் சுவரைப் பார்க்கும்படி, பலகையில் வெட்டிய பொந்துகளில் இறங்கி நிற்கின்றன. இவர் உயரத்துக்கு மாட்டியிருந்தால் நான் முக்காலி போட்டு ஏற வேண்டும். பாதி நாள் அந்தச் சாமானை எடுத்து வேலை செய்வது நான்தானே? எடுத்து வைக்கிறவள் கைக்கு எட்டாவிட்டால் அது மறுபடி அடுப்படி மூலைக்குத்தான் வந்து சேரும்.

ஒவ்வொரு ஆயுதத்தின் உருவத்தையும் அது இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பால் வரைந்து வைத்தேன். சாயங்காலம் ஒரு பார்வை பார்த்தால் போதும். உருவம் மட்டும் இருந்து ஆளைக் காணோம் என்றால், ஏதோ ஒரு அரிவாள் காட்டில் புல்லுக்குள் கிடக்கிறது என்று அர்த்தம். நாளைக்கு யாரோ ஒருவர் காலில் ஏறப்போகிறது. உடனே தேடிவிடுவோம்.

வாசலருகே ஒரு பழைய வாளி நிறைய மணல். அதில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக் கலந்து வைத்திருக்கிறேன். மண்ணைத் துடைத்த களைக்கொத்தை அதில் நாலு தடவை குத்தி எடுத்தால் சுத்தமும் ஆகும், துருவும் பிடிக்காது.

துருப்பிடித்த இரும்பு குத்தினால்தான் ரண ஜன்னி வரும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அந்தக் கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும். பளபளக்கும் புது அரிவாள் வெட்டினாலும் அதில் மண் பட்டிருந்தால் ஆபத்துதான். காயத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். காப்பித்தூள், சாணம் எதையும் அப்பாதீர்கள். தடுப்பூசி போட வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். குழந்தைகளுக்கு ஒன்றரை வயதிலும் ஐந்து வயதுக்கு மேலும் போடும் பூஸ்டர் ஊசிகளையும், 10, 16 வயதில் போடும் டி.டி. ஊசியையும் தவறவிடாதீர்கள்.

பூட்டுக்குள் பூட்டு

இனி முக்கியமான விஷயம். மருந்துகளுக்கு மட்டும் கொட்டகைக்குள்ளேயே ஒரு தகரப் பெட்டி, அதற்குத் தனிப் பூட்டு. கொட்டகைக் கதவின் தாழ்ப்பாள் ஐந்தடி உயரத்தில். சாவி என் இடுப்பில்.

உர மூட்டையும் அங்கேதான். யூரியாவைப் பாருங்கள், அசல் ஜவ்வரிசி! எங்கள் மலை மரவள்ளி கீழே போய் ஜவ்வரிசியாகத் திரும்பி வருகிற ஊர் இது. இரண்டையும் ஒரே தாழ்வாரத்தில் வைத்திருந்தோம் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

மருந்தை ஒருபோதும் சோடா பாட்டிலிலோ எண்ணெய்ப் புட்டியிலோ மாற்றி ஊற்றாதீர்கள். காலி டப்பாவைக் கழுவி உப்பு, புளி போடவும் வைக்காதீர்கள். மருந்து கலக்கிய வாளி திரும்பச் சமையலறைப் பக்கம் வரவே கூடாது. 2013 ஜூலை 16-ம் தேதி பீகாரில் சரண் மாவட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மதியச் சாப்பாடு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்தது பரிசோதனையில் தெரியவந்தது. சாப்பிடும் பொருளும் விஷமும் எங்கேயோ ஓரிடத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மருந்து டப்பாவின் மேல் சாய்சதுரமாக ஒரு கட்டம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அதற்கடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும் இந்த நிறத்தைத் தெரிந்துகொள்ளலாம். பச்சையாக இருந்தாலும் அது விஷம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பூட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். வெடுக்கென்று கோபம் வந்த நேரத்தில், மனசு உடைந்த நேரத்தில் பெரியவர்கள் கையும் இந்தப் பெட்டிக்கு நீளக்கூடும். இலங்கையில் அனுராதபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2017-ல் வெளியான முடிவின்படி, பெட்டியால் மட்டும் விஷம் குடிப்பது குறையவில்லை. ஆனால் கொடிய மருந்துகளையே அந்நாட்டில் தடை செய்த பிறகு சாவு வெகுவாகக் குறைந்தது. ஆகவே மிச்சம் பிடிக்கும்படி வாங்காதீர்கள். வேண்டிய அன்று, வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். வீட்டில் யாராவது மனசு சரியில்லாமல் இருந்தால் மருந்தே வீட்டில் இருக்க வேண்டாம். அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

குழந்தை எதையாவது வாயில் போட்டுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைத் துடைத்து, 108-க்குச் சொல்லி, டப்பாவையோ பொட்டலத்தையோ கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எது உள்ளே போயிற்று என்று டாக்டருக்குத் தெரிந்தால் நேரம் மிச்சம். கண்ணில் சுண்ணாம்பு பட்டால் உடனே தண்ணீரை விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். அதற்கு அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

இன்னொரு எச்சரிக்கை. கொட்டகையைத் திறந்ததும் இருட்டில் கையை விடாதீர்கள். கதவைத் தட்டி, வெளிச்சம் போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள். எலிக்குப் பொறி வையுங்கள், விஷப் பசை வேண்டாம். பாம்பு கடித்துவிட்டால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் தப்பு. கடிபட்ட கை காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

பட்டணத்தில் குடக்கூலி வீட்டில் இருக்கும் சகோதரிகள், "எங்களுக்குக் கொல்லையே கிடையாதே!" என்று சொல்லலாம். உங்களுக்குக் கொட்டகை வேண்டாம். ஒரு பழைய தகர டிரங்குப் பெட்டி, ஒரு பூட்டு, நாலு செங்கல் போதும். மாடியில் வெயிலும் மழையும் நேரே படாத இடத்தில் செங்கல் மேல் வைத்து, செடிக்கத்தியையும் செடி மருந்தையும் போட்டுப் பூட்டிவிடுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டுக்கும் அதே பெட்டியில் தனித் தடுப்பு வையுங்கள்.

எங்கள் கொட்டகை ஆவணியில் முடிந்தது. ஆயுத பூஜை அன்று எல்லாச் சாமானையும் கழுவித் துடைத்து அங்கேயே வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கடலை படைத்தோம். முதலில் சிரித்த பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இது என்ன அளவுங்க?" என்று இவரிடம் கேட்டார். எட்டுக்கு ஆறு என்று இவர் பெருமையாகச் சொன்னதைக் கேட்க வேண்டுமே! யோசனை என்னவோ தன்னுடையது மாதிரி!

அரிவாளைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, சண்டை வரும் என்று என் மாமியார் சொல்வார். கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வார். சண்டை வருமோ வராதோ, விரல் தப்பும். அந்தக் காலத்து மனுஷர்கள் பயம் காட்டியாவது பத்திரம் சொல்லிக் கொடுத்தார்கள்.

இப்போது பேத்திக்கு நாலு வயசு. லீவுக்கு வந்தால் பின் தாழ்வாரத்தில்தான் ஓடி விளையாடுகிறாள். அங்கே இப்போது ஒரு கோரைப் பாயும் அவளுடைய சொப்புச் சாமானும் தவிர வேறு ஒன்றும் கிடையாது. போன தடவை கொட்டகையைக் காட்டி, "அம்மாயி, அதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டாள். இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "பெரியவங்க சாமான் கண்ணு" என்றேன்.

இன்றைக்கே உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு தடவை தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் உயரத்திலிருந்து சுற்றிலும் பாருங்கள். எது கைக்கு எட்டுகிறது, எது பளபளக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

அடுத்த இதழில், கொட்டகைக் கூரையில் விழும் மழைத் தண்ணீரைக் கொசு வராமல் பிடித்து வைத்துக் காய்கறிப் பாத்திக்கு விடுவதைப் பற்றிச் சொல்கிறேன்.